டிமென்ஷியா உள்ள அம்மாவுக்கு ஜூரி சம்மன்: இங்கிலாந்தில் யார் எதை முடிவு செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது. அம்மாவுக்கு 73 வயது, ஹாரோவில் மகன் வீட்டில் இருக்கிறார், இந்தியப் பாஸ்போர்ட். ஆரம்பநிலை டிமென்ஷியா என்று போன வருடம் மெமரி கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது கிரவுன் கோர்ட்டில் ஜூரியாக வரச்சொல்லி சம்மன் வந்திருக்கிறது. மகன் கேட்பது நான்கு விஷயம். அம்மாவுக்கு நினைவு சரியில்லை என்று எழுதினால் விட்டுவிடுவார்களா? அப்படி எழுதிவிட்டால் நாளைக்கு அவர் பவர் எழுதிக் கொடுக்க முடியாமல் போய்விடுமா? பேங்க், பென்ஷன் காரியங்களைப் பார்க்க என்ன வழி? இதெல்லாம் பற்றி அரசு மக்களிடம் கருத்துக் கேட்கிறதாமே, எழுதி அனுப்பினால் பயன் உண்டா?

இரண்டாவது கேள்வியில் இருக்கும் பயம்தான் பல குடும்பங்களைத் தவறான வழியில் தள்ளுகிறது. அதனால் அதற்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் ஒருவர் மொத்தமாகத் "திறன் உள்ளவர்", "திறன் இல்லாதவர்" என்று பிரிக்கப்படுவதில்லை. 2005-ஆம் ஆண்டின் மென்டல் கெபாசிட்டி சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தக் குறிப்பிட்ட முடிவை, இந்த நேரத்தில், இவரால் எடுக்க முடியுமா? ஜூரியில் உட்கார முடியாத அம்மா பவர் எழுதிக் கொடுக்கலாம். பவர் எழுத முடியாத அம்மாகூட எந்த டாக்டரைப் பார்ப்பது, யாரோடு இருப்பது, யாருக்கு ஓட்டுப் போடுவது என்று தானே முடிவு செய்யலாம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. கீழே உள்ளது எதுவும் அங்கே அப்படியே பொருந்தாது.

இப்போது சம்மன். கைக்கு வந்த 7 நாளுக்குள் பதில் போக வேண்டும். பதில் போடாமலோ, போட்டுவிட்டு வராமலோ இருந்தால் 1,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம். "அம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லையே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று கவரை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பூர்த்தி செய்யலாம், அதில் தப்பில்லை. ஆன்லைன் படிவம் தொடக்கத்திலேயே நீங்கள் உங்களுக்காகப் பதில் சொல்கிறீர்களா, வேறொருவருக்காகவா என்று கேட்கும். சம்மனில் உள்ள ஜூரர் எண், அம்மாவின் குடும்பப் பெயர், போஸ்ட்கோட் மூன்றும் சம்மனில் அச்சானபடியே இருக்க வேண்டும். நம் பெயர்களில் இனிஷியல் எது, குடும்பப் பெயர் எது என்ற குழப்பம் சகஜம். பாஸ்போர்ட்டைப் பார்க்காதீர்கள், சம்மனைப் பாருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு எப்படிச் சம்மன் வந்தது என்று சந்தேகம் வரலாம். வாக்காளர் பட்டியலிலிருந்து கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் பெயர்களை எடுக்கிறது. பிரிட்டிஷ் குடியுரிமை அதில் நிபந்தனையே இல்லை. காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இங்கே சட்டப்படி வசிக்கும் இந்தியர், இலங்கையர், மலேசியர் எல்லாரும் பட்டியலில் சேரலாம். சேர்ந்தால் ஜூரிக்கும் அழைப்பு வரலாம். வயது 18 முதல் 75 வரை இருக்க வேண்டும், 13 வயதுக்குப் பிறகு தொடர்ந்து 5 ஆண்டாவது இங்கே வசித்திருக்க வேண்டும். மேல் வயது முன்பு 69 ஆக இருந்தது. 2016 டிசம்பரில்தான் 75 ஆயிற்று. அதனால்தான் டிமென்ஷியா தொடங்கும் வயதில் உள்ளவர்களுக்குச் சம்மன் வருவது இப்போது அதிகம் கண்ணில் படுகிறது.

ஜூரியிலிருந்து விடுபட மூன்று வாசல்கள் உண்டு. எந்த வாசலில் நுழைகிறோம் என்பது முக்கியம்.

ஒன்று, தகுதியின்மை. 1974-ஆம் ஆண்டு ஜூரிகள் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. மனநலச் சட்டத்தின் கீழ் மருத்துவமனையில் தடுத்து வைக்கப்படக்கூடியவர், மனநோய் காரணமாக மருத்துவமனையில் தங்கியிருப்பவர், அந்தச் சட்டத்தின்படி கார்டியன்ஷிப்பிலோ சமூகச் சிகிச்சை ஆணையிலோ உள்ளவர் ஆகியோர் வர முடியாது. இவர்களோடு 2005 சட்டத்தின் பொருளில் "ஜூரியாகப் பணியாற்றும் திறன் இல்லாதவர்" என்பதும் சேர்ந்திருக்கிறது. 2013-க்கு முன் இந்தப் பட்டியல் மிகவும் அகலமாக இருந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு மாதாமாதம் ஜிபியை (குடும்ப டாக்டரை) பார்க்கும் ஆசிரியரோ கணக்காளரோகூட ஜூரிக்குத் தகுதியற்றவர். க்ராய்டன் சென்ட்ரல் எம்பியாக இருந்த கேவின் பார்வெல் காமன்ஸில் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2013 பிப்ரவரியில் சட்டமாகி அந்த அநியாயத்தை நீக்கியது. இன்றைக்கு டிமென்ஷியா என்ற பெயரோ, நடக்கும் சிகிச்சையோ மட்டும் யாரையும் தகுதியற்றவர் ஆக்காது. திறன் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல்.

இரண்டு, விலக்கு. தக்க காரணம் இருந்தால் இந்த முறை வரவேண்டாம் என்று ஜூரி சம்மனிங் பீரோ விட்டுவிடலாம். உடல்நலம், முழுநேரமும் இன்னொருவரைப் பராமரிக்கும் பொறுப்பு போன்றவை இதில் அடங்கும். கடந்த 2 ஆண்டுக்குள் ஜூரியாக இருந்தவருக்கு விலக்கு உரிமையாகவே கிடைக்கும்.

மூன்று, ஒத்திவைப்பு. 12 மாதத்துக்குள் வேறு தேதிக்கு, பொதுவாக ஒரே ஒரு முறை. பீரோவின் வழக்கம் முதலில் ஒத்திவைக்க முடியுமா என்று பார்ப்பதுதான். டிமென்ஷியா விஷயத்தில் இது வீண்வேலை, அடுத்த வருடம் நிலைமை இன்னும் மோசமாகத்தான் இருக்கும். ஒத்திவைப்பு ஏன் உதவாது என்பதை உங்கள் பதிலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஏழெட்டு மாதம் கழித்து இதே கவர் மறுபடி வரும்.

உங்கள் அம்மாவுக்கு எந்த வாசல்? ஜூரர் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பொதுவாக 10 வேலை நாள். தினமும் பல மணி நேரம் சாட்சியம் கேட்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு போலீஸ்காரர் சொன்னதை வியாழக்கிழமை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட வேண்டும். பிறகு மூடிய அறையில் மற்ற 11 பேரோடு வாதாட வேண்டும். இது அவரால் நிச்சயமாக முடியாது என்றால் தகுதியின்மை என்ற கேள்விக்கு உண்மையை உண்மையாகவே சொல்லுங்கள். ஆரம்பநிலைதான், முடியுமா முடியாதா என்று உங்களுக்கே தெளிவில்லை என்றால் நீங்களாக "திறன் இல்லை" என்று தீர்ப்பு எழுத வேண்டிய அவசியம் இல்லை. உடல்நலக் காரணத்தால் விலக்கு கேளுங்கள். முடிவை பீரோ எடுக்கட்டும்.

எழுதும்போது நோயின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். "டிமென்ஷியா உள்ளது" என்பதை விட இது வேலை செய்யும்: "நோய் கண்டறியப்பட்ட மாதம் இது. அரைமணி நேரத்துக்கு முன் நடந்த பேச்சை மறந்துவிடுகிறார். தெரியாத இடத்தில் தனியாக விட்டால் பதறுகிறார். மத்தியானத்துக்கு மேல் கவனம் நிற்பதில்லை. இந்த நிலை முன்னேற வாய்ப்பில்லை, ஆகவே ஒத்திவைப்பு உதவாது." மெமரி கிளினிக் கடிதத்தின் நகல் ஒன்றை இணையுங்கள். ஆங்கிலம் போதாது என்றால் அதையும் காரணமாகச் சேர்க்கலாம். ஆங்கிலம் புரியாதவர் ஜூரிக்கு வந்து நின்றால் நீதிபதி பார்த்துத் திருப்பி அனுப்ப ஜூரிகள் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இடம் தருகிறது. காதுகேளாத ஜூரருக்கு பிரிட்டிஷ் சைகைமொழி பெயர்ப்பாளர் ஜூரி அறைக்குள் வர 2022-இல் வழி செய்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அப்படி வழியில்லை. பீரோ விலக்கு மறுத்தால் அந்த நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நகலை எடுத்து வையுங்கள், இன்னொரு சம்மன் வந்தால் கையில் இருக்கும்.

செய்யக்கூடாத ஒன்று: இனிமேல் தொல்லை வேண்டாம் என்று அம்மாவின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப் பார்ப்பது. திறன் குறைவு ஓட்டுரிமையைப் பறிக்காது. பழைய பொதுச்சட்ட விதி ஒன்று பறித்தது, அதை 2006-இல் ஒழித்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக ஓட்டுப் போடும் உரிமை பவர் வைத்திருப்பவருக்கும் கிடையாது. திருமணம், தாம்பத்திய உறவு, ஓட்டு போன்ற சிலவற்றை எந்த நீதிமன்றமும் எந்த மகனும் இன்னொருவருக்காக முடிவு செய்ய முடியாது என்று சட்டமே சொல்கிறது. ஜூரி வேலையும் ஆள் மாற்றிச் செய்ய முடியாததுதான். அம்மாவுக்குப் பதில் நான் போய் உட்காருகிறேன் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நடக்காது.

அடுத்தது பவர். ஜூரி படிவத்தில் எழுதியது இதைக் கெடுக்குமா என்ற பயத்துக்கு 1988-இலேயே ஒரு தீர்ப்பில் விடை இருக்கிறது. சொத்தை நிர்வகிக்கும் திறன் இல்லாத ஒருவர், அதை நிர்வகிக்க இன்னொருவரை நியமிக்கும் திறன் உள்ளவராக இருக்கலாம் என்று ரீ கே, ரீ எஃப் வழக்கில் நீதிபதி ஹாஃப்மன் சொன்னார். மகனுக்கு அதிகாரம் கொடுக்கிறேன், என் பணத்தை நான் கையாள்வது போல அவன் கையாளலாம், எனக்கு நினைவு போன பிறகும் இது செல்லும் என்ற அளவில் அவர் புரிந்துகொண்டால் போதும். சேமிப்புக் கணக்கின் வட்டி விகிதத்தை அவர் ஒப்பிக்க வேண்டியதில்லை.

திறனைச் சோதிக்கும் முறை 2005 சட்டத்தின் 3-ஆம் பிரிவில் இருக்கிறது. முடிவுக்குத் தேவையான தகவலைப் புரிந்துகொள்வது, முடிவெடுக்கும் வரை நினைவில் வைத்திருப்பது, அதைச் சீர்தூக்கிப் பயன்படுத்துவது, முடிவை ஏதாவது ஒரு விதத்தில் தெரிவிப்பது. இந்த நான்கில் ஒன்று முடியாமல் போனாலும் அந்த முடிவுக்குத் திறன் இல்லை. ஆனால் அப்படி முடியாததற்கு மூளை அல்லது மனத்தின் குறைபாடுதான் காரணமாக இருக்க வேண்டும். முதலில் முடிகிறதா என்று பார், பிறகு காரணத்தைப் பார் என்ற வரிசையை 2021-இல் உச்ச நீதிமன்றம் ஜேபி வழக்கில் உறுதி செய்தது. பல அறிக்கைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: "அல்சைமர் உள்ளது, ஆகவே திறன் இல்லை." இப்படி எழுதிய அறிக்கை வந்தால் அதை ஏற்காதீர்கள். நினைவு கொஞ்ச நேரமே நிற்கிறது என்பது மட்டும் காரணமாகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பவர் எழுதும் அந்த அரைமணிக்கு நினைவு நின்றால் போதும். பத்து நாள் நிற்க வேண்டியது ஜூரிக்குத்தான்.

ப்ராட்மோர் மருத்துவமனை நோயாளி ஒருவரின் வழக்கு 1993-இல் நடந்தது. அவருக்குத் தீவிர ஸ்கிட்ஸோஃப்ரீனியா. தன்னை உலகப் புகழ்பெற்ற டாக்டர் என்று நம்பியவர். காலில் அழுகல், வெட்டாவிட்டால் உயிர் போகும் என்றார்கள். வெட்டக் கூடாது என்றார். தன் நிலையும் ஆபத்தும் அவருக்குப் புரிகிறது, மறுக்கும் திறன் இருக்கிறது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கால் பிழைத்தது, ஆளும் பிழைத்தார். பிறர் கண்ணுக்குப் புத்திசாலித்தனமாகப் படாத முடிவு என்பதற்காக ஒருவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்று பின்னால் வந்த 2005 சட்டமும் தன் முதல் பிரிவிலேயே எழுதிவைத்தது. அம்மா வீட்டை அக்காவுக்குக் கொடுக்கிறேன் என்கிறார், ஆகவே அவருக்கு நினைவு சரியில்லை என்று வாதிடும் தம்பிகளுக்கும் இது பொருந்தும்.

இங்கே பவர் என்றால் லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டார்னி. இரண்டு தனிப் படிவங்கள்: பணம், சொத்துக்கு எல்பி1எஃப், உடல்நலம், பராமரிப்புக்கு எல்பி1எச். 2025 நவம்பர் முதல் பதிவுக் கட்டணம் ஒன்றுக்கு 92 பவுண்ட். ஆண்டு வருமானம் 12,000 பவுண்டுக்குக் குறைவு என்றால் பாதி, சில அரசு உதவிகள் பெறுபவருக்கு இலவசம். வக்கீல் கட்டாயமில்லை. பதிவாகாத பவர் வெறும் காகிதம்தான். பதிவாக வாரக்கணக்கில் ஆகும், அதில் 4 வாரம் ஆட்சேபம் கேட்பதற்கான கட்டாயக் காத்திருப்பு.

திரும்பி வருவதெல்லாம் பெரும்பாலும் கையெழுத்து வரிசையில்தான். முதலில் அம்மா, சாட்சி முன்னிலையில். பிறகு, அம்மா புரிந்துதான் எழுதுகிறார் என்று உறுதி சொல்லும் சான்றளிப்பவர். அதன் பிறகே பிள்ளைகள், ஒவ்வொருவரும் ஒரு சாட்சியோடு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருக்கிறார்களே என்று பிள்ளைகள் முதலில் போட்டுவிட்டு, டாக்டரிடம் அடுத்த வாரம் வாங்கினால் செல்லாது. உடல்நலப் படிவத்தில் உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய பகுதியில் அம்மா தனியாக, சாட்சியோடு கையெழுத்திட வேண்டும். அது பிரதான கையெழுத்துக்கு முன்போ அதே நாளிலோ இருக்க வேண்டும். அம்மாவின் கையெழுத்துக்கு அட்டார்னியாக, அதாவது பவர் பெறுபவராக, வரப்போகிற பிள்ளை சாட்சி போடக் கூடாது. ஒயிட்னர் தடவாதீர்கள். காலியான பக்கமாக இருந்தாலும் எல்லாப் பக்கத்தையும் அனுப்புங்கள். அம்மாவால் கையெழுத்தே போட முடியாவிட்டால் அவர் முன்னிலையில், அவர் சொல்லி, வேறொருவர் போடலாம். அதற்குத் தனி இணைப்புத் தாளும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்.

இரண்டு மூன்று பிள்ளைகளை நியமிக்கும்போது "சேர்ந்து" என்ற பெட்டியில் டிக் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். ஒற்றுமையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் போடுவார்கள். ஒரு பிள்ளை டொராண்டோவில் இருப்பார், ஒவ்வொரு செக்குக்கும் அவர் கையெழுத்து வேண்டியிருக்கும். ஒருவர் இறந்தால், மாற்று ஆள் எழுதாத பட்சத்தில், பவர் மொத்தமும் போய்விடும். "சேர்ந்தோ தனித்தோ" என்பதுதான் நடைமுறைக்கு ஒத்தது.

சான்றளிப்பவர் விஷயத்தில் நம் குடும்பங்கள் அடிக்கடி இடறுகின்றன. அம்மாவைக் குறைந்தது 2 வருடமாக நன்றாகத் தெரிந்தவர், அல்லது டாக்டர், வக்கீல், சோஷியல் வொர்க்கர் போன்ற தொழில்முறையாளர் செய்யலாம். குடும்பத்தார் செய்ய முடியாது. அம்மாவின் சொந்தங்கள் மட்டுமல்ல, அட்டார்னியின் சொந்தங்களும் கூடாது. மருமகளின் அண்ணன் டாக்டராக இருக்கிறாரே என்று பிடிக்காதீர்கள். டிமென்ஷியா ஏற்கெனவே பதிவான பிறகு கோயிலில் பழக்கமான நண்பரை விட தொழில்முறையாளரே நல்லது. பின்னால் யாராவது எதிர்த்தால் அவர் எடுத்த குறிப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

அவர் அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும். அம்மாவுக்குத் தமிழ்தான் சரளம் என்றால் தமிழில் பேச வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் முழுப் பத்திரமும் சந்தேகத்துக்கு உள்ளாகும், பலன் பெறுபவரே வாயாகவும் இருக்கிறார் என்று ஆகிவிடும். முடியாது என்று முடிவு கட்டுமுன் சாத்தியமான எல்லா உதவியும் செய்யப்பட வேண்டும் என்பது சட்டத்தின் இரண்டாவது கொள்கை. வெளி ஆள் ஒருவரை மொழிபெயர்ப்பாளராகக் கேட்பது அந்த உதவியில் சேரும். காலை நேரத்தை வாங்குங்கள். கண்ணாடியும் காது மெஷினும் மாட்டியிருக்கட்டும். திடீரென்று குழப்பம் அதிகமானால் முதலில் யூரின் இன்ஃபெக்‌ஷன் இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். வயதானவர்களுக்கு அது டிமென்ஷியா முற்றியது போலவே காட்டும், ஆன்டிபயாட்டிக்கில் பலருக்குத் தெளிந்துவிடும். குழப்பத்தில் இருக்கும் வாரத்தில் மதிப்பீடு செய்து வாய்ப்பை இழந்துவிடக் கூடாது.

பவர் எழுதும் நிலையைத் தாண்டிவிட்டால் என்ன? "நான் ஒரே மகன்" என்பது இங்கே எந்த அதிகாரத்தையும் தராது. அம்மாவின் கார்டும் பின் நம்பரும் வைத்துக்கொண்டு ஓட்டுவது பேங்க் விதிக்கு விரோதம். கூட்டுக் கணக்காக இருந்தாலும் ஒருவருக்குத் திறன் போய்விட்டது என்று தெரிந்தால் பேங்க் முடக்கி வைக்கலாம். ஸ்டேட் பென்ஷன், அரசு உதவித்தொகை மட்டும்தான் வருமானம் என்றால் டிடபிள்யூபி என்ற பென்ஷன், உதவித்தொகைத் துறையிடம் அப்பாயின்டி (அவர் சார்பில் அதை வாங்கிக் கையாள்பவர்) ஆக விண்ணப்பித்தால் போதும். செலவில்லை, ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். சேமிப்பு, வீடு, தனியார் பென்ஷன் எல்லாம் அதில் வராது.

அவற்றுக்குக் கோர்ட் ஆஃப் ப்ரொடெக்‌ஷனில் டெபுடி (நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளர்) ஆக வேண்டும். சிஓபி1 விண்ணப்பம், சொத்து விவரத்துக்கு சிஓபி1ஏ, திறன் மதிப்பீட்டுக்கு சிஓபி3, உங்களைப் பற்றிய உறுதிமொழிக்கு சிஓபி4. அம்மாவுக்கும், அவரை அறிந்த குறைந்தது மூன்று பேருக்கும் அறிவிப்பு போக வேண்டும். விண்ணப்பக் கட்டணம், பிணைப் பத்திரத்துக்கு வருடா வருடம் ப்ரீமியம், மேற்பார்வைக் கட்டணம், ஆண்டுக் கணக்கு அறிக்கை என்று செலவும் வேலையும் தொடரும். சிஓபி3-ஐ நிரப்பித் தர ஜிபி மறுத்து, அதிலேயே சில வாரங்கள் போவது வழக்கம். யார் நிரப்புவார்கள் என்பதை முதலிலேயே உறுதி செய்யுங்கள். உடல்நலத்துக்கு டெபுடி கேட்டால் கிடைப்பது அபூர்வம். அன்றாடப் பராமரிப்பை, அவருடைய நலனுக்கு உகந்ததாகச் செய்யும் வரை, 2005 சட்டத்தின் 5-ஆம் பிரிவே பாதுகாக்கிறது என்பதால் நீதிமன்றம் ஒட்டுமொத்த அதிகாரம் தருவதில்லை.

ஊரில் சொத்து இருந்தால் இன்னொரு சிக்கல். இங்கே பதிவான பவரைக் கொண்டுபோய் திருச்சி சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் நீட்டினால் வேலைக்கு ஆகாது. அங்கே எழுதிய சாதாரணப் பவரோ, எழுதியவர் சித்த சுவாதீனம் இழந்தால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி முடிந்துபோகிறது. நினைவு போன பிறகும் தொடரும் பவர் என்று இந்தியச் சட்டத்தில் ஒன்று கிடையாது. அந்த நிலையில் உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமனம் கேட்கவேண்டிவரும். விற்கவோ எழுதிவைக்கவோ அம்மாவுக்கு விருப்பம் இருந்தால், அவர் தானே முடிவெடுக்க முடிகிற இப்போதே ஊர் வக்கீலைக் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி, கருத்துக்கேட்பு. நீங்கள் இப்போது நம்பியிருக்கும் சட்டமே அதிலிருந்து வந்ததுதான். 1989-இல் இங்கிலாந்தில் நிலைமை என்னவென்றால், திறனில்லாத வயதுவந்தவருக்காக யாரும் சம்மதம் சொல்ல முடியாது. பெற்றோரும் முடியாது, நீதிமன்றமும் முடியாது. பெர்க்‌ஷயர் சுகாதார ஆணையத்தின் மருத்துவமனை ஒன்றில் இருந்த 36 வயதுப் பெண்ணுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்ற வழக்கில் அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த லார்ட்ஸ் சபை இதை வெளிப்படையாகச் சொன்னபோதுதான் ஓட்டை எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. லா கமிஷன் 1991-இல் கருத்துக்கேட்பு ஆவணம் வெளியிட்டது, 1993-இல் இன்னும் மூன்று. 1995-இல் வரைவு மசோதாவோடு அறிக்கை. 1997-இல் அரசு மறுபடியும் கருத்துக் கேட்டது. 2003-இல் வரைவு மசோதா, 2005-இல் சட்டம், 2007-இல் அமல். பதினாறு வருடம். மெதுவாக நகர்ந்ததென்னவோ உண்மை. ஆனால் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகத் திறனைப் பார்க்க வேண்டும் என்ற அடிப்படை அந்த விவாதங்களில்தான் கெட்டிப்பட்டது.

கேட்டுவிட்டுக் கிடப்பில் போட்டதும் உண்டு. கேர் ஹோமிலோ மருத்துவமனையிலோ வெளியே விடாமல் வைத்திருப்பதற்கு அனுமதி தரும் டோல்ஸ் என்ற முறை நோக்கத்துக்கே உதவாதது என்று லார்ட்ஸ் குழு 2014-இல் சொன்னது. அதற்கு மாற்றாக 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2022 மார்ச்சிலிருந்து ஜூலை வரை நடத்தை விதிகள் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். 2023 ஏப்ரலில் இப்போதைக்கு இல்லை என்று ஒத்திவைத்தார்கள். 2025 அக்டோபரில், மறுபடி கருத்துக் கேட்கப்போவதாக அறிவிப்பு வந்தது. சிறு தொகைகளுக்கு நீதிமன்றம் போகாமல் குடும்பத்தார் பணம் எடுக்க ஒரு திட்டம் என்று 2021 கடைசியில் கேட்டதும், வேண்டாம் என்று 2023-இல் கைவிடப்பட்டது. அதே 2021-இல் பவரை ஆன்லைனுக்கு மாற்றுவது பற்றிக் கேட்டது மட்டும் 2023-இல் சட்டமாயிற்று.

எழுதுவதென்றால் எப்படி? எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தைத் தொடும் மூன்று நான்கு கேள்விகளை மட்டும் எடுத்து, எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். தொகுப்பவர்கள் கேள்வி வாரியாகத்தான் பிரிப்பார்கள், எண் இல்லாத நீண்ட கடிதம் "பிற கருத்துகள்" கட்டில் போய்ச் சேரும். "சட்டம் மனிதாபிமானமாக இருக்க வேண்டும்" என்பது யாருக்கும் பயன்படாது. "சான்றளிப்பவர் தமிழில் பேசவில்லை, மொழிபெயர்ப்பாளருக்கு யார் பணம் கொடுப்பது என்று படிவத்தில் இல்லை, ஆகவே வழிகாட்டிக் குறிப்பில் இதைச் சேருங்கள்" என்பது பயன்படும். நடந்தது என்ன, எந்தப் படியில் தடைப்பட்டது, எத்தனை வாரம் வீணாயிற்று, எதை மாற்றினால் சரியாகும் என்ற நான்கும் இருந்தால் போதும். அமைப்புகள் தரும் அச்சடித்த கடிதத்தில் பெயர் மட்டும் போட்டு அனுப்பினால் நூறு கடிதம் ஒரு கருத்தாகத்தான் எண்ணப்படும்.

அம்மாவின் பெயர், என்எச்எஸ் எண், கேர் ஹோம் பெயர் எதையும் எழுதாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பதிலை யாராவது கேட்டு வாங்க முடியும். இரகசியமாக வைக்கச் சொல்லலாம், ஆனால் அது உத்தரவாதம் ஆகாது. பெரும்பாலும் ஈஸி ரீட் பதிப்பும் இருக்கும், படங்களோடு, சின்ன வாக்கியங்களில். அம்மாவோடு உட்கார்ந்து அதைப் படித்து, அவர் சொல்வதை அவர் பெயரிலேயே தனிப் பதிலாக அனுப்புங்கள். "என்னிடம் கேட்காமல் என்னைப் பற்றி டாக்டரிடம் பேசுகிறார்கள்" என்று அவர் சொன்னால் அதை நாகரிகப்படுத்தி எழுதாமல் அப்படியே போடுங்கள்.

அரசு கருத்துக் கேட்கும்போது முடிவு இன்னும் உருவாகும் கட்டத்தில் இருக்க வேண்டும், காரணங்களைப் போதுமான அளவு சொல்ல வேண்டும், பதில் எழுத நேரம் தர வேண்டும், வந்ததை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும் என்ற நான்கு விதிகள் 1985-இல் ப்ரென்ட் கவுன்சில் மீதான ஒரு வழக்கில் உருவாயின. 2014-இல் ஹேரிங்கே வழக்கில் உச்ச நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. இதை மீறினால் முடிவையே நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். உங்கள் ஊர் கவுன்சில் டே சென்டரை மூடுவதற்குக் கருத்துக் கேட்டாலும் இதே நான்கு விதிதான். மூடுவது என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுப் பேருக்குக் கேட்கிறார்கள் என்று தோன்றினால், கமிட்டிக் கூட்டக் குறிப்புகளை எடுத்துத் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்குப் போட மூன்று மாதம்தான் கடைசிக் கெடு, அதற்குள்ளும் தாமதிக்காமல் போக வேண்டும்.